இரண்டு பக்கமும் கேட்டவள்

ஜெயமதிக்கு இரண்டு பெயர். வீட்டிலும் ரேஷன் கார்டிலும் ஜெயமதி. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் வேதா. இரண்டாவது பெயரை வைத்தவர் ராமதாஸ். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம், புதிதாகக் கட்டிய வீடு ஒன்றின் மாடியை வாடகைக்குப் பிடித்து, குடும்பப் பிரச்சினைகளுக்கு இணையத்தில் ஆலோசனை சொல்லும் கம்பெனி ஒன்றை அவர் நடத்தினார். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். வெப்சைட்டில் ஊர் சென்னை என்று போட்டிருந்தார்.

"திருவண்ணாமலைன்னு போட்டா சாமியார் மடம்னு நெனச்சுக்குவாங்கம்மா. முக்தி கேப்பாங்க. நம்மகிட்ட புருஷன் பொண்டாட்டி சண்டைக்குத்தான் மருந்து இருக்கு" என்பார்.

ஜெயமதி தபால் வழியில் உளவியல் எம்.ஏ. முடித்தவள். அதற்கு முன்பு ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். வெள்ளைக்காரர்கள் ஊருக்கு எழுதி எழுதி அழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில், முகம் தெரியாத இடத்தில்தான் மனிதர்கள் மனதைத் திறக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. கம்பெனிக்கு ஒரே சட்டம்: இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், தனித்தனியாக. ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் போடக்கூடாது. அந்தச் சட்டத்தை அவள் மீறியதே இல்லை, மாறன் வரும்வரை.

மாறன் என்ற பெயரில் மெசஞ்சரில் வந்தவன் வேலூரில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை என்றான். மனைவி கோபித்துக்கொண்டு வந்தவாசிப் பக்கம் தாய்வீடு போய்விட்டாள், திரும்பி வர வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டிப் பேசுவான். ஐந்தரை மணி ஆனதும், பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் சரி, 'சாப்பிடணும் மேடம், நாளைக்கு வரேன்' என்று எழுந்துவிடுவான். ராத்திரி ஷிப்டு போலிருக்கிறது என்றார் ராமதாஸ். ஜெயமதிக்கு அப்படித் தோன்றவில்லை. அவளும் அந்த நேரத்துக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத தமிழ்ச் சமணக் குடும்பம் அவளுடையது. ஊரில் நயினார் வீடு என்பார்கள். இவனும் நயினார்தான். பெயரை மாற்றி வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு வயிற்றை மாற்றி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் உறவான சின்னச் சமூகம். வீட்டுச் சண்டையைப் பெரியவர்களிடம் கொண்டுபோனால் மறுநாள் போளூர் வரைக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து ஒளிந்து வந்திருக்கிறான், பாவம் என்றுதான் நினைத்தாள்.

வழக்கமான கேள்வியாகத்தான் கேட்டாள்: 'இதற்கு முன் திருமணம் நடந்திருக்கிறதா?'

'ஆமாம். முதல் சம்சாரம் இறந்துட்டா. அவளும் இப்படித்தான், உடம்பு சரியில்லன்னு நடிப்பா. பஸ் ஏத்தி அவங்க அப்பா வீட்டுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் செத்துட்டா.'

ஜெயமதி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் அக்கா த்ரிசலாவைக் காய்ச்சலோடு வேலூரில் பஸ் ஏற்றிவிட்டவன் அவள் புருஷன் விருசபதாசன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியவளால் நடக்க முடியவில்லை. யாரோ ஒரு ஆட்டோக்காரர் தூக்கி உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. டைபாய்டு முற்றிவிட்டது என்றார்கள். காரியம் முடிந்த கையோடு விருசபதாசன் வீட்டார் ஆள் அனுப்பினார்கள். "மூத்தவதான் போய்ட்டா. சின்னவளைக் குடுத்துடுங்க, உறவு விட்டுப்போகாது." எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற அப்பா கைகூப்பி, "மனசு இல்லைங்க" என்று மட்டும் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற ஜெயமதிக்கு அப்பாவின் அந்தக் கைகூப்பு அக்காவின் சாவைவிட எரிந்தது. அறைய வேண்டிய கை அது.

இப்போது அவன் அவளிடமே வந்திருக்கிறான். காசு கொடுத்து வந்திருக்கிறான்.

'உங்கள் மனைவியிடமும் பேச வேண்டும். நம்பர் கொடுங்கள்' என்று தட்டினாள் வேதா.

போனில் வந்த சன்மதியின் குரல் மெலிந்திருந்தது.

"அவரு நான் நடிக்கிறேன்னு சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு. உங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"ரத்தம் ரொம்பக் கம்மின்னு டாக்டரம்மா சொல்றாங்க. மாடிப்படி ஏறுனா மயக்கம் வருது. ஆவணி பொறந்ததும் கொண்டுபோய் விட்டுடலாம்னு எங்கப்பா சொல்றாரு. எனக்குந்தான் வேற போக்கு ஏது?"

"போவாதீங்க."

"என்னங்க இது! கவுன்சிலிங்னா சேத்துவைக்கத்தானே?"

"கவுன்சிலரா சொல்லல சன்மதி. த்ரிசலாவோட தங்கச்சியா சொல்றேன்."

எதிர்முனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தக்கா பேரையே அந்த வூட்டுல எடுக்கக்கூடாது. பொறந்த வூட்டுலேர்ந்தே நோயோட வந்தவன்னு மாமியார் சொல்வாங்க."

"மாவு மூட்டையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கினு படி ஏறுவா எங்கக்கா. நல்லாத்தான் அனுப்பினோம்."

பஸ் ஏற்றிவிட்டதிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடந்ததையெல்லாம் சொன்னாள். சன்மதி அழவில்லை. "இருங்க, எங்கப்பாகிட்ட குடுக்கறேன். இதை அப்படியே அவருக்கும் சொல்லுங்க" என்றாள். ஜெயமதி ஒரு சொல் விடாமல் சொன்னாள். அந்தப் பெரியவர் கேட்டு முடித்து, "நாளைக்கே வக்கீலைப் பாக்கறேன்மா" என்றார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சன்மதி பிழைத்துவிட்டாள். ஆனால் ஜெயமதிக்கு அது போதவில்லை.

மாறனிடம் அவள் சொன்னாள்: 'உங்கள் மனைவி வருவார். அதற்கு முன் நீங்கள் மனதில் உள்ளதை முழுதாகக் கொட்ட வேண்டும். முதல் மனைவியிடமிருந்து ஆரம்பிப்போம்.' பச்சைப் பொய்.

'பஸ் ஏற்றும்போது அவர் கையில் தண்ணீர் இருந்ததா?'

'ஞாபகம் இல்ல மேடம்.'

'யோசியுங்கள்.'

'இல்ல. வாங்கிக் குடுக்கல.'

'உட்கார இடம் கிடைத்ததா?'

'நின்னுக்கினுதான் போனா.'

'உங்களிடம் கடைசியாக என்ன சொன்னார்?'

அன்று பாதியில் ஓடிவிட்டான். ஒரு வாரம் ஆளைக் காணோம். ஆசை விடுமா, திரும்பி வந்தான். அவள் விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். 'நீங்களும் கூட வரீங்களானு கேட்டா. பின்னாடியே வரேன்னு சொன்னேன். போற எண்ணம் இல்ல.' அதையும் பிடுங்கினாள். ஒவ்வொரு முறையும், 'இன்னும் முழுதாகச் சொல்லவில்லை' என்று அனுப்பிவைத்தாள். ஆடி முழுக்க அவனை இப்படியே உரித்தாள். தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்று எழுதினான். படிக்கும்போது அவளுக்கு இனித்தது. இனித்தது என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

வக்கீல் நோட்டீஸ் கையில் கிடைத்த அன்று கொதித்துக்கொண்டு வந்தான்.

'வருவான்னு சொன்னியே! என்ன புடுங்குற வேலை பண்ற? யார் நீ?'

'உங்க வூட்டுலேர்ந்து ஆள் அனுப்பிக் கேட்டீங்களே, சின்னவ. அவதான்.' முதல் தடவையாக வீட்டுப் பேச்சிலேயே தட்டினாள்.

எழுதிக்கொண்டிருக்கிறான் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது: 'ஜெயா, நான் அழுதுக்கினு இருக்கேன். மன்னிச்சிடு. ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு சொல்லு.'

'மாட்டேன்' என்று அனுப்பினாள். அவன் திரும்பத் திரும்பக் கெஞ்சினான். ஒவ்வொன்றையும் படித்தாள். பதில் போடவில்லை.

மறுநாள் அவன் புகார் அனுப்பியிருந்தான். ராமதாஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கஸ்டமரையாம்மா அழவைப்பாங்க? கம்பெனி பேரு என்னத்துக்கு ஆவும்?"

"பேரை மாத்திக்குங்க சார். உங்களுக்குத்தான் நல்லா வருமே."

"நாளைலேர்ந்து வராதம்மா."

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வருத்தம் வருகிறதா என்று படியில் நின்று பார்த்தாள். வரவில்லை.

வீட்டில் அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. பிற உயிரை நோகவைத்தால் அது நம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி வளர்த்தவர். ஆனாலும் மறைக்கவில்லை.

"வேலை போய்ட்டுச்சுப்பா. விருசபதாசன் என் கையில மாட்டினான். அழவெச்சுட்டேன்."

அப்பா மடித்த வேட்டியை மடிமேலேயே வைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

"நெசமாவே அழுதானா?"

"அழுதுக்கினு இருக்கேன்னு எழுதினான்பா."

அப்பா வேட்டியை ஓரமாக வைத்தார். தரையைத் தட்டி, உட்கார் என்று காட்டினார்.

"மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."