இருபத்தொன்பதாம் நாள் பிறை

என் மாமா, உம்மாவின் சகோதரர் காலிதீனுக்கு வயது ஐம்பத்தாறு. சாய்ந்தமருதில் உழவு மெஷின் ஓட்டுகிறார். அதிகம் கதைக்கமாட்டார். ஊருக்கு அவரைத் தெரிந்தது பிறையால்தான். எங்களுக்குக் கடல் கிழக்கே. பிறை மேற்கே, வயலுக்கு மேல் இறங்கும். நோன்பு இருபத்தொன்பதில், மறுநாள் பெருநாளா என்று பார்க்க மற்றவர்கள் மொட்டைமாடியில் ஏறும்போது, மாமா சம்மாந்துறைப் பக்கம் போய் வாய்க்கால் கட்டில் நிற்பார். அவர் வந்து கண்டேன் என்றால் எங்கள் பள்ளிவாசலில் இரண்டாம் கேள்வி இருக்காது. அதைத் தவிர ஊரில் அவருக்கென்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்த முறை கேட்டார்கள். காரணம் நான்.

நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். வானியல் அறிமுகத்தை ஆங்கிலத்தில் படிக்கிறேன். இந்த நோன்பு இருபத்தொன்பதன்று, சூரியன் மறையும் மஃரிப் தொழுகைக்குச் சற்று முன், பள்ளி நிர்வாகத்திலுள்ள முத்தலிப் சேர் உம்மாவின் போனுக்கு எடுத்தார்.

"மகள், நீ வானம் படிக்கிற புள்ளதானே. இன்டைக்குப் பிறை காண ஏலுமா?"

வகுப்பில் தந்த அட்டவணையில் அமாவாசை நேரத்தைப் பார்த்தேன். கிறீன்விச் நேரத்துக்குப் பழகியபடி ஐந்தரை மணித்தியாலம் கூட்டி இலங்கை நேரமாக்கினேன். சூரியன் மறையும்போது பிறையின் வயது பதினாறு மணித்தியாலம். அவ்வளவு இளம் பிறை வெறுங்கண்ணுக்கு எட்டாது.

"ஏலாது சேர்."

ஒரு மணித்தியாலத்தில் மாமா சேற்றுக் காலோடு பள்ளிக்குப் போய், "கண்டன், நூல் மாதிரி" என்றாராம்.

"உங்கட மருமகளே ஏலாதென்டு செல்றா, காலிதீன்" என்றாராம் முத்தலிப் சேர், எல்லோர் முன்னிலும். வேறு யாரும் காணவில்லை. ஊர் முப்பதாவது நோன்பைப் பிடித்தது.

தன் கண்ணால் பிறை கண்டவருக்கு மறுநாள் பெருநாள். அவர் நோன்பு பிடிக்கக்கூடாது. அவர் பிடிக்காதது ஊர் அறியவும் கூடாது. மாமி றபீக்கா மாமாவைக் குசினி அடுப்படியில் இருத்தி, கதவைச் சாத்திவிட்டுப் பால் இல்லாத பிளேன்டி கொடுத்தா. முட்டை கேட்டு வந்த பக்கத்து வீட்டு றஸ்னா கதவைத் தள்ளித் திறந்து, மாமா குடிப்பதைக் கண்டுவிட்டா.

ஊரின் பெருநாளன்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார்: "காலிதீன் காக்கா, பசிச்சா பசிக்கி என்டு செல்லியிருக்கலாமே. பிறையை ஏன் இழுத்த?"

கடையே சிரித்தது. மாமா பாதிக் கோப்பையோடு எழும்பி வந்துவிட்டார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு செய்முறை வகுப்பில் அதே அட்டவணையைப் பிரித்தார்கள். தலைப்பில் சிறிய எழுத்தில் இருந்தது: நேரங்கள் இலங்கை நேரத்தில். நான் கூட்டியதே பிழை. அன்று பிறைக்கு வயது ஏறக்குறைய இருபத்திரண்டு மணித்தியாலம். வானம் தெளிவாக இருந்தால் கூரிய கண் காணலாம்.

முதலில் முத்தலிப் சேரிடம் போனேன்.

"பெருநாள் முடிஞ்சி போச்சி மகள். ஊரே முப்பது புடிச்சிட்டு. இனி ஆருக்கிட்டச் செல்ற?"

பிறகு மாமாவிடம் போனேன். மெஷினுக்குக் கீழே படுத்திருந்தார். சொல்லி முடிக்கும்வரை வெளியே வரவில்லை. வந்ததும் கிறீஸ் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"அப்ப நான் கண்டது பிறைதானா புள்ள?"

அப்போதுதான் விளங்கியது, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

"காண ஏலும் என்டுதான் கணக்குச் செல்லும் மாமா. நீங்க கண்டீங்களா என்டு அதுக்குத் தெரியாது."

"ஓம், கண்டீங்க என்டு செல்லேன்."

"வானம் தெளிவா இருந்திருந்தா..." என்று தொடங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் மெஷினுக்குக் கீழே போய்விட்டார்.