முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை

என் தலையணை காணாமல் போன அன்றுதான் அம்மாவின் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டில் நாங்கள் மூன்று பேர், தலையணையும் மூன்று. விடிந்து பார்த்தால் என் தலைக்கடியில் மடித்த போர்வை இருந்தது. தலையணையோ, ஒருக்களித்துப் படுத்திருந்த அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது. கேட்டதற்கு, "தூக்கத்துல உருண்டு வந்துருக்கும்டி" என்றாள். தலையணை தானாக உருண்டு போய் ஒருவர் காலுக்கு நடுவில் செருகிக்கொள்ளுமா? நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகு அம்மா செய்ததெல்லாம் எனக்குத் தடயமாகவே பட்டது. எங்கள் ஊர்க் குழாயடியில் எல்லாப் பெண்களும் குடத்தை இடுப்பில் வைத்துத்தான் தண்ணீர் எடுத்து வருவார்கள். அம்மா திடீரென்று கைக்கொன்றாக இரண்டு சின்ன வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதையும் குனிந்து எடுப்பதில்லை. முதுகை நிமிர்த்தியபடியே உட்கார்ந்து, வாளியைப் பிடித்து, மெதுவாக எழுவாள். வாசல் பெருக்கும் துடைப்பத்தில் ஒரு நீளக் குச்சியைக் கட்டிக்கொண்டாள். டிவியில் விளம்பரம் வந்தால் போதும், எழுந்து கூடத்துக்குள்ளேயே நடப்பாள். விடிகாலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னவோ செய்தாள். கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

இது போதாதென்று சனிக்கிழமைதோறும் கும்பகோணம் பயணம் வேறு. ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டுமாம். ஒரு பெயரை நாலு சனிக்கிழமையாகவா திருத்துவார்கள்? அதுவும் சனிக்கிழமை அந்த ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் என்பது எனக்கே தெரியும், அம்மாவுக்குத் தெரியாதா? அப்பாவிடம் கேட்டேன். அவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர், அதிகம் பேச மாட்டார். "பெரியவங்க விஷயம்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவினார். ஆக, அவரும் கூட்டுக் களவாணி.

ஐந்தாவது சனிக்கிழமை சாயங்காலம் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் கைப்பையைத் துழாவினேன். நாலாக மடித்த ஒரு தாள் கிடைத்தது. தலைப்பு இங்கிலீஷில், என்னால் எழுத்துக்கூட்டக்கூட முடியாத நீளத்தில் இருந்தது. கீழே கோட்டுப் படங்கள். ஒரு பெண் முழங்காலை மடக்கிப் படுத்திருக்கிறாள். இன்னொரு படத்தில் முழங்கால் நடுவே தலையணையோடு ஒருக்களித்திருக்கிறாள். பக்கத்தில் தமிழில், 'எடை தூக்கக் கூடாது. குனிந்து வேலை செய்யக் கூடாது. பக்கவாட்டில் படுக்கவும்.'

சித்தி பிள்ளைத்தாச்சியாக எங்கள் வீட்டில் வந்து இருந்தபோது நர்ஸம்மா இதையேதானே சொன்னாள்!

சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். வருவதற்கு முன்பே என் தலையணையைப் பிடுங்கிக்கொண்ட பாப்பா, வந்த பிறகு எதை விட்டுவைக்கும்? வாய்க்கால் கரைப் பிள்ளையாரிடம் போய், "எங்களுக்குப் பாப்பா வேணாம். குடுத்திருந்தா திருப்பி எடுத்துக்க" என்று வேண்டிக்கொண்டேன். அப்படியும் மனம் ஆறவில்லை. நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. அம்மா வேலைக்குப் போகும் நடவு செட்டுக்கு அவர்தான் தலைவி. இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். ஒருத்தி நிமிர்ந்து நின்றால் அவள் இடத்தில் வரிசை ஓட்டை விழும். பக்கத்திலிருப்பவள் அதையும் சேர்த்து நட வேண்டும். முதல் நாள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இரண்டாம் நாள் முனகுவார்கள், மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட மாட்டார்கள். நடவுக்குக் கூப்பிடாதவளைக் களையெடுக்கவும் கூப்பிட மாட்டார்கள். அப்படி வேலையில்லாமல் உட்கார்ந்துபோன இரண்டு பேரை எனக்கே தெரியும். சம்பா நடவு தொடங்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

நான் சொன்னதைக் கேட்டதும் பெரியம்மா முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பினார். எங்கள் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். நான் வெளியில் நின்று காதைத் தீட்டினேன். முதலில் பெரியம்மாவின் சத்தம். அப்புறம் அம்மாவின் அழுகை. அப்புறம், நம்ப முடியாதபடி, இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வெளியே வந்த பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். "நீ சொன்னது சரிதாண்டி. ஆனா யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது, என்ன?"

என்னைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். பொழுது சாய்வதற்குள் இரண்டு தெருவுக்கும் விஷயம் எட்டிவிட்டது.

நடவு தொடங்கியபோது அம்மா வரிசையில் இல்லை. வரப்பில் நின்று, நாற்று முடிகளை நடுபவர்களின் கைக்கு எட்டுமாறு வீசிக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாச்சியைக் குனிய வைக்கக் கூடாது, கூலியிலும் குறைக்கக் கூடாது என்பது அந்தச் செட்டின் சட்டம். யாரும் முனகவில்லை. மாங்காய் கொண்டுவந்து கொடுத்தவர்கள்கூட உண்டு. அம்மா மாங்காயைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். அது வெட்கம் என்று நினைத்தேன். டீக்கடையில் அப்பாவைக் கேலி செய்தார்கள். அவர் பல்லைக் காட்டிவிட்டு டீயைக் குடித்தார்.

மூன்று வாரத்தில் நடவு முடிந்தது. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு நிறையப் பெண்கள். செட்டு மொத்தமும் வந்திருந்தது. பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா தங்கலடி கண்ணு" என்றார்.

பிள்ளையார் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டார். நான் கேட்டுத்தானே!

உள்ளே ஒருத்தி வெந்நீர் வைத்தாள், ஒருத்தி விளக்கெண்ணெயைச் சூடுபண்ணினாள். வரிசையிலேயே வாய்த் துடுக்கானவள் அம்மாவின் இடுப்பைப் பிடித்துவிட்டபடி, "ரொம்ப வலிக்குதாடி? எங்க வலிக்குது, சொல்லு" என்று கேட்டாள். அம்மா ஓவென்று அழுதாள். அப்படி அவள் அழுது நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அன்று படுக்கும்போது என் தலையணையை நானாகவே கொண்டுபோய் அவள் முழங்காலுக்கு நடுவில் வைத்தேன். கல்லூரி விடுதிக்குப் போகும்வரை தலையணை இல்லாமல்தான் படுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம் வரை இந்தப் பாவம் என்னோடுதான் இருந்தது. இப்போது எனக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. ஒரு நாள் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. லீவு போட்டு ஊருக்கு வந்தவளை அம்மா கும்பகோணத்துக்கு அழைத்துப் போனாள். முதுகெலும்பைக் கையாலேயே சரிசெய்கிற கைரோபிராக்டிக் டாக்டராம். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. சந்தேகம் என் கூடப் பிறந்ததாயிற்றே, படம் எடுத்துப் பார்த்தீர்களா, நரம்பு பிசகாதா என்று அவரைக் குடைந்து எடுத்துவிட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னவர், என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். 'கடக்' என்று ஒரு சத்தம். இருந்த ஒரே முதுகும் போய்விட்டது என்று நினைத்தேன். எழுந்து நின்றபோது கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது.

"நான் செய்யறது கொஞ்சந்தாம்மா. மிச்சம் வீட்டுல நீங்க தெனம் செய்யறதுலதான் இருக்கு. ஒங்க அம்மாவக் கேளுங்க, ஒரு நாள் விட்டதில்ல" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்.

அதே தாள். அதே பெண், முழங்கால் நடுவே அதே தலையணை. இந்த முறை தலைப்பை என்னால் படிக்க முடிந்தது. முதுகுவலிக்காரர்களுக்கு என்று இருந்தது.

ஊருக்குத் திரும்பும் திருப்பனந்தாள் பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரும்வரை பொறுத்துக்கொண்டேன். "அம்மா, அப்ப அந்தப் பாப்பா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "எந்தப் பாப்பா? நீயா ஊரெல்லாம் சொன்ன. பெரியம்மா அதையே புடிச்சிக்கிட்டாங்க. இடுப்பு வலின்னு சொன்னா, எல்லாருக்குந்தான் வலிக்குது, ஒனக்கு மட்டும் என்னன்னுவாளுவ. அதோட செட்டுல எடம் போயிரும். புள்ளத்தாச்சின்னா யாரு வாயத் தொறப்பா?"

ஏழெட்டு வருஷம் தலைக்கு ஒன்றுமில்லாமல் தூங்கியிருக்கிறேன்! எனக்குக் கோபம் வந்தது. "அப்ப அன்னிக்கு அப்படி அழுதியே, அதுவும் நடிப்பா?"

அம்மா சிரிப்பதை நிறுத்தினாள்.

"இல்லடி. ரெண்டு வருசமா வலி. அன்னிக்குத்தான் ஒருத்தி, எங்க வலிக்குதுன்னு கேட்டா."

கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். பையைத் துழாவியிருக்கிறேன். எத்தனையோ கேள்வி கேட்டு அவளைக் குடைந்திருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் நான் கேட்டதே இல்லை.