ஃபைல் அக்கா

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "முதல்ல கணக்கை முடி, அப்புறம் டிவியைப் போடு" என்று மகளை அதட்டும்போதும் அக்காவின் வலது கை சும்மா இருப்பதில்லை. விசைப்பலகையில் ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் போச்சு. கணினி ஓய்வாக இருக்கிறதென்று அடுத்த அறையில் எவரோ போட்ட வேலை இங்கே வந்து குடியேறிவிடும்.

அங்கே கணினிகளில் ஓடுவது பல்கலைக்கழக ஆய்வகம் தானே எழுதிய இயங்குதளம். எல்லாக் கணினிகளும் ஒரே குடும்பமாக இயங்க வேண்டும் என்பது பேராசிரியரின் கனவு. "சும்மா இருக்கறது அடுத்தவங்க வேலையை வாங்கிச் செய்யும்மா" என்பார். "ஆமா சார், வீட்டுக்கு வந்த மருமக மாதிரி" என்பார் அக்கா.

முதல் பதிப்பு திரையில் ஒரு வரியைக் காட்டிவிட்டு உயிரை விட்டது. இரண்டாவது, வகுப்பில் பாடம் நடத்த உதவியது. மூன்றாவது கணினிகளை இணைத்தது. நான்காவது வேலைகளை இடம்மாற்றக் கற்றது. ஒவ்வொரு முறையும் பேராசிரியருக்குப் புதிதாக ஒன்று தோன்றும். பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார். மாணவர்கள் பட்டம் வாங்கிப் பறந்துவிடுவார்கள். கோப்புகளைக் காக்கும் பகுதியை மறுபடி முதலிலிருந்து எழுதுவது அக்காதான். 'ஃபைல் அக்கா' என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

"சார் வீடு கட்டுவாரு. கூரை போடறதுக்குள்ள இடிச்சிடுவாரு. நான் சட்டிபானையோட நடுத்தெருவுல நிப்பேன்."

மூன்றாவது பதிப்பு நான்காவதாக மாறியபோது, தாவரவியல் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி சேர்த்து வைத்திருந்த இலை அளவுகளில் பாதி காணாமல் போயின. அவள் அழுதுகொண்டு வந்து நின்றது அக்காவின் மேசை முன்னால். பேராசிரியர் அன்று வெளியூர் மாநாட்டில் நான்காவதின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தொலைந்ததையெல்லாம் மறுபடி அளந்து, இதே கணினியில்தான் சேர்த்திருக்கிறாள். "அக்கா இருக்கீங்கன்னுதான்" என்றாளாம்.

நல்லவேளை, நான்காவது இப்போதுதான் உறையாமல், விழாமல் ஓட ஆரம்பித்திருக்கிறது. பேராசிரியருக்குப் பொறுக்குமா?

போன வாரக் கூட்டத்தில் பேராசிரியர் முகமெல்லாம் வெளிச்சமாக எழுந்தார். "ஐந்தாவதுல ஃபைலே கிடையாது. எல்லாமே ஒரே பெரிய நினைவகம். ஃபைல்ங்கற எண்ணமே பழசு."

அறையில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"சரி சார். இப்ப உள்ள இருக்கறதெல்லாம்?"

"மாத்திக்கலாம்மா. சின்ன வேலை."

"யாரு மாத்தறது?"

பேராசிரியர் சிரித்தார். அவருக்குப் பின்னால் பலகை முழுக்க, நான்காவதில் இன்னும் சரிசெய்ய வேண்டிய குறைகளை அக்கா நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். புதுப் படம் வரைய இடம் வேண்டுமே என்று பேராசிரியர் அழிப்பானை எடுத்தார்.

அக்கா எழுந்து பலகையருகே போனார். பேராசிரியர் கையிலிருந்த அழிப்பானை மெதுவாக வாங்கினார். சுண்ணத்தூள் உதிர உதிரத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.