கொழுந்து லொறிக்கு முன்னால் ஒரு மடல்

ஜெயலெட்சுமிக்குப் பொறுமை என்பதே கிடையாது. தேத்தண்ணி ஆறும்வரை காத்திருக்க மாட்டாள். நாக்கைச் சுட்டுக்கொண்டு, தேத்தண்ணியைத்தான் திட்டுவாள். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், வயது இருபத்தொன்பது. நிறுப்பில் கிலோவைக் குறைத்துச் சொன்னால் கணக்கப்பிள்ளையையே தராசில் ஏறி நிற்கச் சொல்லும் ஆள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. அந்த விஷயத்தின் பெயர் அழகன். கொழுந்து லொறியின் டிரைவர்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை அழகன் லொறியோடு மடுவத்துக்கு வருவான். கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகையில் எப்போதும் இடம் போதாது. மழை நாளில் அவன் லொறியைக் காற்றடிக்கும் பக்கமாகத் திருப்பி நிறுத்துவான். வெளியே வரிசையில் நிற்கும் பெண்கள் அதன் மறைவில் நனையாமல் ஒதுங்கிக்கொள்வார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. ஜெயலெட்சுமியின் சாக்கை மட்டும் மற்றவர்கள் தொடுமுன் தானே தூக்கி லொறியில் வைப்பான். "சரியா, டீச்சரம்மா?" என்பான். மூன்று வருஷமும் பேச்சு அதோடு சரி. இவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் நாள் முழுக்க ஓடிவிடும்.

டீச்சரம்மா என்று அவன் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. அப்பா இறந்ததும் பாதியில் விட்ட உயர்தரப் பரீட்சையை எழுதியே தீருவதென்று ஜெயலெட்சுமி மறுபடி படிக்கத் தொடங்கியிருந்தாள். ஹட்டனில் இருக்கும் தக்ஷிகா டீச்சர் தமிழ்ப் பாடத்தைப் பேசிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வீட்டில் உட்கார்ந்து கேட்க இவளுக்கு நேரம் ஏது? போனைச் சேலைக்கு மேல் மாட்டிய சட்டையின் பையில் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, தேயிலை நிரையில் நின்று பறித்துக்கொண்டே கேட்பாள். ஆக, அந்த மலையில் பறித்த பதினேழு பெண்களும் விரும்பியோ விரும்பாமலோ இடைக்கால இலக்கியம் படித்தார்கள்.

படித்தது மட்டுமா, கருத்தும் சொன்னார்கள். உலா என்றால் அரசன் பவனி வருவதும், சின்னப் பெண் முதல் நடுவயதுக்காரி வரை எல்லாரும் அவன் மேல் மயங்குவதும் என்று டீச்சர் விளக்கியபோது, "வேல வெட்டி இல்லாதவளுக!" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள் வேலாயி. முப்பது வருஷமாகப் பறிக்கிறவள், தோட்டத்தில் நடந்த ஒரு மறியலைக்கூட விடாதவள். தூதுப் பாடம் வந்தபோது, "மேகத்தத் தூது அனுப்புறதாம்ல. நம்ம மேகத்த அனுப்புனா சேதி போய்ச் சேர முன்ன மழையாப் பேஞ்சு தொலைச்சிரும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை மடல் பாடம் வந்தது. காதலைச் சொல்ல வழி தெரியாத தலைவன் பனை மட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டு, அவள் படத்தைத் துணியில் வரைந்து கையில் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க நடுத்தெருவில் ஏறி வருவானாம். ஊர் கூடி, அவனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டுமாம்.

நிரையே நின்றுவிட்டது. "அடியாத்தி, இது நம்ம மறியல்தான!" என்றாள் வேலாயி. "நடுரோட்டுல உக்காரு, அட்டையப் புடி, பதில் சொல்லுற வரைக்கும் எந்திரிக்காத. அந்தக் காலத்துலயே இருந்திருக்குடி!"

ஜெயலெட்சுமி உடனே போனை எடுத்து, பொம்பளை மடல் ஏறலாமா என்று கேட்டுப் பதிந்து அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. "பரீட்சையில கேட்டா, பெண்கள் மடலேறுறது மரபு இல்லன்னு எழுதுங்க. அதுக்குத்தான் மார்க். ஆனா கடவுள் மேல காதலாகி, தன்னையே பொண்ணா வச்சுக்கிட்டு, நான் ஏறத்தான் போறேன்னு பாடினவங்களும் உண்டு. சும்மா தெரிஞ்சுக்கத்தானே கேக்குறீங்க? இல்ல யாராவது நெசமாவே ஏறப் போறீங்கன்னா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயலெட்சுமியும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடிந்ததும், கங்காணி போகிற போக்கில் சொன்னார்: "திங்கக்கிழமையிலயிருந்து லொறிக்குப் புது டிரைவர். அழகன் செவ்வாக்கிழமை கத்தாருக்குப் போறான். ரெண்டு வருசமாம்."

முதலில் அவளுக்கு அழுகைதான் வந்தது. மலை ஏறுவதற்குள் அது கோபமாக மாறியிருந்தது. மூன்று வருஷமாகச் சாக்கைத் தூக்கினவன் மூட்டை கட்டுவதை ஒரு வார்த்தை சொல்லவில்லை! ஒருவேளை அவன் மனதில் ஒன்றுமே இல்லையோ? எல்லாம் இவளாகக் கட்டிய கோட்டையோ? அது தெரியாமல் இரண்டு வருஷம் எப்படி இருப்பது, இரண்டு நாளே இருக்க முடியாதே! கேட்டு அவன் இல்லையென்று சொல்லிவிட்டாலோ, ஒரு சுவரை நான்கு குடும்பம் பங்கு போடும் லயத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அன்று அவள் கை கொழுந்தை விட்டுவிட்டு முத்தின இலையாகப் பறித்தது.

வேலாயி பக்கத்து நிரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏறுறியாடி?"

"பனைமரத்துக்கு எங்கக்கா போறது? யாழ்ப்பாணத்துக்கா?"

"குதிர எதுக்கு? நமக்கு ரோடு போதும்."

சனிக்கிழமை பகல் நிறுப்பு முடிந்தது. கொழுந்தை ஏற்றிக்கொண்டு லொறி புறப்பட்டு முதல் வளைவைத் திரும்பியபோது, ரோட்டை அடைத்துக்கொண்டு பதினேழு பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜெயலெட்சுமி. கையில் பிஸ்கட் பெட்டியைக் கிழித்த அட்டை. அதில் கோலம் போடுவதில் கெட்டிக்காரியான சுலக்ஷனா வரைந்த ஒரு முகம், கீழே கொட்டை எழுத்தில் அழகன் என்று பெயர். பெயர் இல்லாவிட்டால் யாரென்று தெரிந்திருக்காது. மீசை மட்டும் இரண்டு பேருக்குப் போதும்.

அழகன் பிரேக் அடித்தான். சத்தியமாக, ஜெயலெட்சுமிக்கு எழுந்து தேயிலைக்குள் ஓடிவிடலாம் போலிருந்தது. வேலாயி அவள் சேலை முந்தானையைத் தொடைக்குக் கீழே போட்டு அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் சேதி பறந்து, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். "என்னம்மா இது? முன்னறிவித்தல் இல்லாம? சம்பளமா? லயத்துக் கூரையா? தண்ணி பைப்பா?"

"அதெல்லாம் அப்படியேதான் இருக்குங்க ஐயா. அதுக்கு வேற நாள் உக்காருவோம்" என்றாள் வேலாயி. "இன்னைக்கு வேற."

"கோரிக்கை என்னன்னு சொல்லுங்க, பேசித் தீர்ப்போம்!"

"கோரிக்க லொறிக்குள்ள உக்காந்திருக்குங்க ஐயா."

கண்டாக்கையா அட்டையைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அழகன் இறங்கி வந்து தன் படத்துக்கு முன்னால் நின்றான்.

"நீங்க கத்தாருக்குப் போறத கங்காணி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று கேட்டாள் ஜெயலெட்சுமி. குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அத என்னான்னு சொல்றது, டீச்சரம்மா..."

"டீச்சரம்மான்னு கூப்பிடாதீங்க. நான் இன்னும் பரீட்சையே எழுதல."

"எழுதிருவ. எழுதி டீச்சரும் ஆயிருவ." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒம்பதாம் வகுப்போட நின்னவன் நான். ஒனக்குக் குறுக்க வரக் கூடாதுல்ல. அதான் சொல்லாமப் போயிரலாம்னு."

வந்த கோபத்தில் நடுக்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "எனக்கு எது குறுக்கன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? மழையில நிக்கிறவளுக்கு லொறியத் திருப்பி நிறுத்தத் தெரியுது, மனசுல உள்ளதச் சொல்லத் தெரியல. இது பெரிய மனுசத்தனம் இல்லங்க, பயம்."

"போடு!" என்றாள் வேலாயி.

"போகாதீங்கன்னு நான் சொல்லல. ரெண்டு வருசம்னாலும் இருப்பேன். எனக்குப் பொறும இல்லன்னு தோட்டத்துக்கே தெரியும், ஆனாலும் இருப்பேன். புடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லிட்டுப் போங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போயிர்றேன். அவ்வளவுதான் கோரிக்க."

கண்டாக்கையாவின் போன் அடித்தது. கொழுந்து ஏன் இன்னும் வரவில்லை என்று பேக்டரியிலிருந்து கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அழகன் திரும்பி லொறிக்குள் ஏறினான். அவ்வளவுதான் என்று நினைத்தாள் ஜெயலெட்சுமி. அட்டை கையில் கனத்தது. இன்ஜின் சத்தம் நின்றது. அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சீட்டின் மேல் மடித்து வைத்திருந்த சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். வேலாயியைப் பார்த்தான். அவள் முந்தானையை விட்டுவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். அந்த இடத்தில் சாக்கை விரித்து, ஜெயலெட்சுமிக்குப் பக்கத்தில் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"டேய் அழகன், சாக்குக்குள்ள கொழுந்து சூடேறி வெந்து போயிரும்டா! நீ என்னடா பண்ற?" என்று கத்தினார் கண்டாக்கையா.

"மறியல் பண்றேங்க ஐயா."

"நீ எதுக்குடா?"

அழகன் அட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் இதே கோரிக்கதாங்க ஐயா. மூணு வருசமா."