ஏழாவது முறை எழுதிய ரியல் அனாலிசிஸ்

கணினி அறிவியல் துறையில் அவருக்கு லேப் அக்கா என்று பெயர். முதலாமாண்டுப் பிள்ளைகள் வைத்தது, துறைத்தலைவர் வாய்வரை ஒட்டிக்கொண்டது. என்னைவிட மூன்று வயது சின்னவர்தான். பக்கத்துக் கணிதத் துறையில் பாடம் நடத்தும் நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன்.

பதினாறு வருடமாக ஆய்வக உதவியாளர். நாற்பது கம்ப்யூட்டரில் எது முக்கும், எது முனகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். யாராவது புரோகிராம் ஓடிவிட்டது என்று குதித்தால் பின்னால் வந்து நிற்பார்.

"பூஜ்யத்தக் குடுத்துப் பாரு கண்ணு. அப்புறம் குதிக்கலாம்."

கொடுத்ததும் பாதிப் புரோகிராம்கள் படுத்துவிடும். பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான்.

அவர் தபால் வழியில் படித்த கணிதப் பட்டத்தில் ஒரு தாள் மட்டும் அரியர். ரியல் அனாலிசிஸ். ஆறு முறை எழுதி ஆறு முறையும் கவிழ்ந்தார். பட்டம் இருந்தால் பயிற்றுநர் வேலை. இல்லையென்றால் கடைசிவரை கீபோர்டு துடைக்க வேண்டியதுதான். ஏழாவது முறை எழுதவிருந்த வருடத்தோடு பழைய பாடத்திட்டத்துக்கு முழுக்குப் போடுவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டது. இன்னொரு வாய்ப்பு கிடையாது. அக்கா படிப்பதற்காக ஒரு மாதம் கணவர் சமைத்தார். "உப்பு போட்டோமா இல்லையான்னு அவருக்கு எப்பவுமே சந்தேகம் சார், அதனால போடவே மாட்டாரு" என்றார் அக்கா.

பாஸாகிவிட்டார். நாற்பது தேவை, நாற்பத்து மூன்று வந்தது. துறையே கைதட்டியது. மறுநாளே அக்கா விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பித்தார். தோற்றவர்கள்தான் அதைச் செய்வார்கள். "பாஸாயிட்டுப் போட்டோகாப்பி வாங்குற முதல் ஆள் நீங்கதாம்மா" என்று அலுவலக எழுத்தர் கிண்டலடித்தாராம்.

நகல் வந்ததும் நேரே என் மேசைக்கு வந்தார்.

"இந்தப் பத்து மார்க் கேள்வியப் பாருங்க சார்."

திறந்த இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புக்குள் அடங்கும் என நிறுவுக. இதுதான் கேள்வி. இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும் மூடிய இடைவெளி என்று இருந்திருக்க வேண்டும். அச்சில் ஒரு சொல் மாறியதில் தேற்றமே பொய்யாகிவிட்டது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடத்தை எழுத, அக்கா பழக்கதோஷத்தில் பூஜ்யத்தின் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டே வரி. 'இது தவறு. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே 1/x எந்த வரம்புக்கும் அடங்காது.'

அதற்குப் பிறகு பயம் பிடித்துக்கொண்டது.

"கேள்வித்தாள் தப்பா இருக்குமா, நாம தப்பா இருப்போமான்னு யோசிச்சேன். ஆறு தடவையும் நான்தானே சார் தப்பு!"

கீழே, உருப்போட்ட நிரூபணத்தை மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்துவிட்டார். அதற்குப் பத்துக்குப் பத்து. மேலே இருந்த இரண்டு வரிகளைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'தேவையற்றது' என்று எழுதியிருந்தது.

எழுத்து என்னுடையது. திருத்தும் முகாமில் தாளில் பெயர் இருக்காது, ஓர் எண்தான். ஒரு நாளைக்கு அறுபது தாள். விடைக்குறிப்பில் நிரூபணம் இருந்தது, நான் நிரூபணத்தைத் தேடினேன். கேள்வியைப் படிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் கேள்வியைப் படி, கேள்வியைப் படி என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். வெட்கமாக இருந்தது.

"இதைத் திருத்தினது நான்தான்க்கா."

அக்கா கோபப்படவில்லை. "எது சரி சார்?" என்று மட்டும் கேட்டார்.

"அந்த ரெண்டு வரிதான்."

பாஸான அன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. அடுத்த நொடியே முகம் மாறியது. "அப்ப இத வெளிய சொன்னா என் பத்து மார்க் போயிடுமா?"

"உங்களுக்குப் போகாது. ரெண்டும் எழுதியிருக்கீங்களே."

தாளை மடித்தார்.

"ரெண்டு வரி மட்டும் எழுதிட்டு விட்டவங்க யாராச்சும் இருந்தாங்களா சார்?"

ஒருவர் இருந்தார். முகாமின் இரண்டாம் நாள், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு வந்த தாள். 1/x, அதற்கு ஒரு வளைகோடு, கீழே வெறும் பக்கம். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் எதுவும் போடாமல், மொத்தம் முப்பத்து நான்கு என்று கூட்டிக் கையெழுத்திட்டிருந்தேன்.

"இல்லக்கா" என்றேன். "யாரும் இல்ல."