கூண்டில் ஏற மறுத்த அக்கா

சிட்னிக்கு மேற்கே, பிளாக்டவுனையும் தாண்டிப் போனால் ஒரு பழைய சந்தை ஊர் வரும். அங்கே மணற்கல்லால் கட்டிய நீதிமன்றமும், அதன் முதுகோடு ஒட்டிய சிறையும் இப்போது அருங்காட்சியகம். நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அங்கே சம்பளமில்லாத வழிகாட்டி உத்தியோகம். சம்பளம் வாங்கிய காலத்தில் நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டதில்லை. இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கேட்கிறார்கள்.

கட்டடத்தின் அமைப்பு இந்த மண்ணில் பிறந்ததல்ல. இடைக்கால இங்கிலாந்தின் சந்தை ஊர்களில் தூண்களின் மேல் ஒரு மண்டபம் நிற்கும். கீழே வெண்ணெயும் கோழியும் விற்பார்கள். மேலே வழக்கு நடக்கும். படிக்கட்டுக்கு அடியில், வெளிச்சம் புகாத அறையில், விசாரிக்கப்பட வேண்டியவரை அடைத்துவைப்பார்கள். மூன்றுக்கும் ஒரே கூரை என்றால் செலவு மிச்சம். சந்தைக்கென்றே தனி நீதிமன்றமும் இருந்தது. ஊர் ஊராகத் திரியும் வியாபாரிகள் காலில் புழுதியோடு வந்து நிற்பதால் அதைப் புழுதிக்கால் நீதிமன்றம் என்றார்கள். எடை குறைத்தவனுக்கும் கடையில் சண்டை பிடித்தவனுக்கும் சந்தை கலைவதற்குள் தீர்ப்பு. ஒத்திவைப்புகளால் வயிறு வளர்த்த என் போன்றவர்களுக்கு அங்கே வேலை கிடைத்திருக்காது.

இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இங்கே சந்தையை மட்டும் வெளிமுற்றத்துக்குத் தள்ளினார்கள். நீதிமன்றத்தையும் சிறையையும் பிரிக்க மனம் வரவில்லை போலும். சிறையறையிலிருந்து குறுகிய படிகளில் ஏறினால் நேரே குற்றவாளிக் கூண்டு.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வருகிறவர்களில் ஒருவரைக் கூண்டில் ஏற்றிப் போலி வழக்கு நடத்துவது எங்கள் வழக்கம். போன மாதம் எங்கள் தமிழ் முதியோர் சங்கம் பஸ் பிடித்து வந்தபோது, முன்வரிசையில் நின்ற ஓர் அக்காவை அழைத்தேன். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் மகளோடு வாழ்பவர்.

"நான் ஏறமாட்டன், தம்பி."

"சும்மா விளையாட்டு, அக்கா. சந்தையில நீங்கள் ஒரு சீஸ் கட்டி களவெடுத்ததாக் குற்றச்சாட்டு."

"நான் ஒண்டும் எடுக்கேல்லை."

"அதைத்தான் ஏறிநிண்டு சொல்லோணும்."

"உங்களுக்கு விளையாட்டு. எனக்கு இன்னும் விசா வரேல்லை. எப்பவாவது கோட்டுக் கூண்டில நிறுத்தினவையோ எண்டு நாளைக்கு விசாக்காரர் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? பொய் சொல்ல ஏலுமோ?"

கணவர் போனபின் ஊரில் வீட்டை விற்றுவிட்டு வந்தவர். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்துப் பல வருடங்களாகிவிட்டன. விண்ணப்பத்தை மறுத்துவிட்டால் திரும்பிப் போய்த் திறக்க அங்கே ஒரு கதவு இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தோம்.

"ஏறுங்கோ அன்ரி, ஒரு போட்டோ எடுத்து குறூப்பில போடுவம்," என்றார் சங்கப் பொருளாளர், போனைத் தூக்கியபடி.

"போட்டோவோ? அதுதானே பிறகு எவிடென்ஸ்!"

நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். இந்தக் கட்டடம் நீதிமன்றப் பட்டியலிலிருந்து எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது, குற்றப்பத்திரம் இல்லை, சத்தியப்பிரமாணம் இல்லை, நீதவான் இல்லை, ஆகவே சட்டப்படி இங்கே எதுவும் நடக்க முடியாது என்று விளக்கினேன். விளக்கம் பிசகில்லாதது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எங்கட ஊரிலயும் 'ஒண்டுமில்லை, சும்மா விசாரணை' எண்டு சொல்லித்தான் தம்பி ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறவை."

பொருளாளர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். நானே கூண்டில் ஏறினேன்.

"அப்ப நீங்கள் நீதவான்ர கதிரையில இருங்கோ, அக்கா."

"அதில இருந்தால் விசாவுக்குப் பிரச்சினையோ?"

"நீதவானா இருந்தனீங்களோ எண்டு அவை விசா போமில ஒரு இடத்திலயும் கேக்கேல்லை."

அவர் யோசித்தார். பிறகு மேடைக்குப் போய், கதிரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கைப்பையை மேசையில் வைத்தார்.

"அம்மா, நான் சீஸ் எடுக்கேல்லை," என்றேன்.

"சேட்டிபிக்கற் எல்லாம் குடுத்திட்டீரோ?"

"குடுத்திட்டன்."

"பொலிஸ் றிப்போட், மெடிக்கல்?"

"அதுவும் குடுத்திட்டன், அம்மா."

"அப்ப பரிசீலனையில இருக்கு."

"எப்ப முடிவு தெரியும்?"

"அப்பிடிக் கேக்கக்கூடாது. கேட்டால் இன்னும் பிந்தும்."

சங்கம் முழுவதும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இப்ப சாப்பாட்டு நேரம்."

"நான் இறங்கலாமோ, அம்மா?"

"கடிதம் வரும்வரைக்கும் அதில நில்லும்."

எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். இறங்கியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் நின்றேன். சற்றுக் கழித்து அக்கா கடதாசித் தட்டில் புளிச்சாதமும் வடையும் கொண்டுவந்தார். கூண்டின் கம்பியில் கை படாமல், அதன் படியில் கால் வைக்காமல், எட்டத்தில் நின்றே கையை நீட்டித் தந்தார்.