எதிர்ப்பக்கம் நின்றவன்

இங்கிலாந்தின் டான்காஸ்டர் ஊரில், குதிரைப் பந்தயம் கட்டும் கடையில் ஹெஸ்டர் பிக்கர்கில் பத்தொன்பது வருடம் கவுன்டரில் இருந்தாள். அந்தக் கடையை நிரந்தரமாக மூடியபின் வீட்டுக் கணினியில், ஓர் இணையப் பந்தயத் தளத்திலேயே பிழைப்பை நடத்தினாள். அந்தத் தளத்தில் ஆட்கள் ஒருவரோடொருவர் பந்தயம் கட்டுவார்கள்; ஒருவர் குதிரை ஜெயிக்கும் என்று கட்டினால், எதிர்ப்பக்கம் ஒருவர் ஜெயிக்காது என்று ஏற்பார். தொகை தெரியும், ஆள் யாரென்று தெரியாது. காலையில், ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு எட்டு கிடைக்கும் என்ற விலையில் ஒரு குதிரையின் மேல் கட்டுவாள். கூட்டம் அந்தக் குதிரைமேல் சாய்ந்து விலை ஐந்துக்கு இறங்கியதும், அதே பந்தயத்தை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவாள். பிறகு எந்தக் குதிரை ஜெயித்தாலும் லாபம் கையில்.

எந்தக் குதிரைக்கு விலை இறங்கும் என்று சொல்பவன் ராட்னி. கடையில் பக்கத்துக் கவுன்டரில் வேலை பார்த்தவன். அவன் அக்கா மகன் பந்தயக் குதிரைகளின் லாயத்தில் வேலை செய்தான். ஹெஸ்டரின் கணவன் இறந்தபோது சவப்பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தவனும் அவன்தான். மூன்று வருடமாக அவன் வாக்கு பொய்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றைச் சொன்னான். கணக்கிலிருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பவுண்டையும் அவள் கட்டினாள். கட்டிய நொடியே யாரோ எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொண்டார்கள். விலை இறங்கவில்லை. எட்டு பத்தானது, பதினான்கானது. அப்போதே விற்றிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். ராட்னிக்குப் போன் செய்தாள்.

"கொஞ்சம் பொறு ஹெஸ்டர். கடைசி நேரத்துல இறங்கும்."

பந்தயம் தொடங்கும்வரை இருபது நிமிடம் பொறுத்தாள். குதிரை கடைசிக்கு முந்தியதாக வந்தது.

திங்கட்கிழமை காபிக் கடையில் அவனே வந்து ஆறுதல் சொன்னான். வாரமெல்லாம் இருமிக்கொண்டிருந்த குதிரையாம், பிறகுதான் தெரிந்ததாம்.

"இருந்தாலும் அறுநூத்திப் பன்னெண்டு பெரிய அடிதான்" என்றான்.

போனது எவ்வளவு என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாய்க்குப் போன ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பக்கம் நின்னது நீதானா?"

அவன் மழுப்பவில்லை. "யாராவது ஒருத்தர் நிக்கணும்ல. நான் நிக்கலேன்னா வேற எவனாவது நின்னிருப்பான்."

"வேற எவனாவதுன்னா, எனக்கு வலிச்சிருக்காது ராட்னி."

தன் காபிக்கு மட்டும் காசு வைத்துவிட்டு எழுந்தாள். கூட இருந்தே குழி பறித்தவனை விட, அவன் பேச்சை நம்பிப் பொறுத்திருந்த அந்த இருபது நிமிடத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த வாரமும் கணினி முன் உட்கார்ந்தாள். ஐந்து பவுண்டு வைத்தாள்; யாரையும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் யாரோ ஏற்றுக்கொண்டதும், அந்த முகமில்லாத ஆளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.